ஹெலிகாப்டரில் நான்காவது ஆள்

எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. தெரியும் என்று எழுதினேன். ‘உங்கள் திறமை எந்த நிலை?’ என்று கேட்டு ஐந்து கட்டம் போட்டிருந்தார்கள். முதல் கட்டம் ‘தொடக்கநிலை’. அதற்கே எனக்குத் தகுதி கொஞ்சம் குறைவு. நான் டிக் போட்டது ஐந்தாவது கட்டத்தில்... ‘நிபுணர்’!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் இதை இரண்டு வருடமாகச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வயது நாற்பத்தொன்பது, எடை தொண்ணூற்றாறு கிலோ, இப்படி ஒரு மனிதன் ஹெலிகாப்டரில் ஏறிப் பனிமலை உச்சியில் சறுக்கப் போன கதை. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். ஆனால் நான் சொல்வது பாதிக் கதை. சிரிப்பு வருகிற பாதி.

மீதியை இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன். ஏன் உங்களிடம்? உங்களை எனக்குத் தெரியாது. சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. என் தைரியம் அவ்வளவுதான்.

துபாயில் தேராப் பக்கம் எனக்கு ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. விசா, அடையாள அட்டை, குடும்பத்தைக் கூப்பிடுவது, கடை உரிமம்... எதற்கு விண்ணப்பம் வேண்டுமென்றாலும் என் மேசைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வார்கள், நான் தட்டுவேன். ஊர் ராமநாதபுரம் கடற்கரை. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். அதனால் தெரு முழுக்க எனக்குக் காக்கா என்றே பெயர்.

இருபத்து மூன்று வருடம் விண்ணப்பம் நிரப்பியவனுக்கு ஒரு நோய் வரும். கேள்வியைப் படித்ததும் அதற்கு என்ன பதில் என்று யோசிக்கமாட்டான். எந்தப் பதில் போட்டால் விண்ணப்பம் உள்ளே போகும் என்றுதான் யோசிப்பான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வராது. கதவுக்கு எந்தச் சாவி பொருந்தும் என்று பார்க்கிற மாதிரி ஒரு வேலை. அவ்வளவுதான்!

அந்த மேசைக்குத்தான் ஒருநாள் பிரதீபன் வந்தான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு நோர்வேக்குப் போனவன். அங்கே படித்து, பொறியாளராகி, வேலைக்குத் துபாய் வந்தவன். என்னைவிட ஐந்து வயது இளையவன். மனைவியின் விசாவுக்காக வந்தவன், நான் சொன்ன ஏதோ ஒரு நகைச்சுவைக்கு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை வருவான். டீ குடிப்பான். நான் பேசுவேன், அவன் சிரிப்பான். என் போன்ற ஆளுக்கு அப்படி ஒருவன் கிடைப்பது பெரிய பாக்கியம்... அதன் அருமை எனக்குத் தெரிந்தே இருந்தது. அதுதான் இன்னும் வெட்கம்.

பனியில் வளர்ந்தவன் அவன். நமக்குச் சைக்கிள் மாதிரி அவனுக்கு ஸ்கீ, காலில் மாட்டிச் சறுக்குகிற அந்த நீளப் பலகை. இங்கே மாலுக்குள் செயற்கைப் பனிமலை இருக்கிறதே, அங்கே என்னையும் இழுத்துப்போனான். மொத்தம் பதினொரு தடவை போயிருப்பேன். கடைசியில் சின்னச் சரிவில் விழாமல் இறங்கினேன். அதைத் தெருவில் எப்படிச் சொன்னேன் தெரியுமா? “பெரிய சரிவெல்லாம் நமக்கு இப்ப சர்வசாதாரணம்!” என் மனைவி மட்டும் நம்பவில்லை.

“உங்களுக்குப் பனின்னா ஃப்ரீஸர்ல மீனுக்கு மேல இருக்கறதுதான தெரியும்?” என்றாள்.

பிரதீபனின் இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அந்த வருடம் வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வரும் கோடையில் மூட்டை மாற்றியே ஆகவேண்டும். மாற்றியபின் நடக்கலாம், நீந்தலாம், சமதரையில் மெதுவாகச் சறுக்கக்கூடச் செய்யலாம். மலை உச்சியிலிருந்து ஆழப் பனியில் இறங்குவது மட்டும் இனி கிடையாது. இந்தக் குளிர்காலம் ஒன்றுதான் மிச்சம்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை. ஹெலிகாப்டர் கொண்டுபோய், பாதையே இல்லாத உச்சியில் இறக்கிவிடும். யாருடைய தடமும் படாத பனியில் சறுக்கிக் கீழே வரவேண்டும். கீழே ஹெலிகாப்டர் காத்திருக்கும், அடுத்த உச்சிக்குத் தூக்கும். வானம் தெளிந்த ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை இறங்கலாம். “ஒருக்கா, காக்கா. ஒரே ஒருக்கா போனால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்” என்றான்.

பயணத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என் மேசையில்தான் செய்தோம். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தை ஒதுக்கிவைத்து, என் கணினித் திரையில் உலகத்துப் பனிமலைகளையெல்லாம் வரிசையாகத் திறந்து வைத்தோம். எனக்கு எல்லாமே அழகாக இருந்தது. படத்தில் எவன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறானோ அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று நான் முடிவு கட்டினேன்.

“படத்தைப் பாக்காதேங்கோ காக்கா. எத்தினை பேருக்கு ஒரு கைடு எண்டு பாருங்கோ. காலநிலை சரியில்லையெண்டால் எத்தினை நாள் சும்மா இருக்கவேணும் எண்டு பாருங்கோ.”

கனடா வேண்டாம் என்றான். பெரிய ஹெலிகாப்டர், பன்னிரண்டு பேர், ரொம்பத் தூரம். இமாச்சலத்தில் ஒன்று இருந்தது. அவனுடைய லீவுக்குத் தேதி ஒத்துவரவில்லை. கடைசியில் ஜார்ஜியா. துபாயிலிருந்து மூன்றரை மணி நேரம். சின்ன ஹெலிகாப்டர், நாலே பேர், ஒரு வழிகாட்டி.

“நாலு பேர் போற குழுவுக்கு ஒரு விஷயம் இருக்கு” என்றான். “நாலு பேரும் ஒரே மாதிரிச் சறுக்கிறவையா இருக்கவேணும். ஒருத்தர் பிந்தினால் எல்லாரும் நிக்கவேணும். கைடு ஒராளை விட்டுட்டுப் போகேலாது.”

என் கடையில், என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, என் காது கேட்கத்தான் சொன்னான். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது!

அவன், நோர்வேயிலிருந்து அவனுடைய பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர், ஒஸ்லோவில் இருக்கும் அவன் மச்சான். மொத்தம் நாலு. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தொடர்புக்குக் கடை மின்னஞ்சலையே போட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன். உடல்நலம் பற்றிய பக்கம் வந்தது.

“இடுப்பு விஷயத்தை எழுத வேணாம் மாப்ள” என்றேன். “தேவையில்லாம கேள்வி கேப்பாங்க.”

“எழுதுங்கோ காக்கா. மேல ஏதும் நடந்தால் அவைக்குத் தெரிஞ்சிருக்கவேணும் எல்லே?”

எழுதினேன். இரண்டு நாளில் அந்தக் கம்பெனி அலுவலகத்திலிருந்து நினோ என்ற பெண் அவனைக் கூப்பிட்டாள். வைத்தியரின் கடிதம் கேட்டாள். பார்த்துவிட்டு, சரி, வரலாம் என்றாள். உண்மையை எழுதி ஒரு விண்ணப்பம் உள்ளே போனதை என் வாழ்க்கையில் அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். பாடம் படித்தேனா? எங்கே!

புறப்பட ஐந்து வாரம் இருக்கும்போது ஒஸ்லோ மச்சான் வீட்டு வாசல் ஐஸில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பிரதீபன் கடைக்கு வந்து உட்கார்ந்தான். டீயை எடுக்கவில்லை.

“நாலாவது ஆள் இல்லாட்டி கம்பெனி ஹெலிகாப்டரை எடுக்காது காக்கா. விடுவம்.”

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத முகம் எதிரே இருந்தால் என் வாயிலிருந்து நகைச்சுவைதான் வரும்.

“ஏன், நாலாவது ஆளுக்கு நான் இல்லையா? எடைக்கு எடை ரெண்டு ஆளு!”

அவன் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். “காக்கா, உண்மையாவோ? பகிடி இல்லாமல் சொல்லுங்கோ. உங்களுக்கு ஏலுமோ?”

ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடி இருந்ததை நான் மறுக்கமாட்டேன். மாலில் சின்னச் சரிவு மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். அவன் கோபித்திருக்கமாட்டான்.

“உனக்குத் தெரியாம மூணு மாசமா காலையில தனியா போய்ப் பழகிக்கிட்டு இருக்கேன் மாப்ள. பெரிய சரிவு, கலாஸ்! முடிச்சாச்சு.”

அவன் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இதை முட்டாள்தனம் என்று எழுதி மூடிவிடலாம். நண்பனுக்கு உதவப்போய் வாய்கொழுத்து மாட்டிக்கொண்ட ஒரு கோமாளி. சிரிப்புக் கதை இங்கேதான் நிற்கும். ஆனால்...

மறுநாள் மதியம் நினோவின் மின்னஞ்சல் வந்தது. ஒருவர் விலகியதற்கு வருத்தம் தெரிவித்திருந்தாள். காத்திருப்புப் பட்டியலில் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார், தனி ஆள், அதே வாரம்தான் அவருக்கும் வசதி, உங்கள் குழுவின் திறமைக்குச் சரியாகப் பொருந்துவார், நான்காவது இடத்தை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாள்.

படித்தீர்களா? பிரச்சினை தீர்ந்துவிட்டது! நான் போகவே வேண்டாம். அந்த மின்னஞ்சலை அவனுக்கு அனுப்பினால் போதும். ஒரு விரல் வேலை.

நான் பதில் எழுதினேன்: ‘நன்றி. நான்காவது ஆள் தயாராக இருக்கிறார்.’ பிறகு அந்த மின்னஞ்சலை அழித்தேன். அழித்தவற்றைப் போட்டுவைக்கும் இடத்திலிருந்தும் அழித்தேன். தொழில் சுத்தம்.

ஏன்?

இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்து மூன்று வருடம் மற்றவர்களின் பயணங்களையே டைப் செய்தேன். புறப்படும் இடம், சேரும் இடம், திரும்பும் தேதி... எத்தனை ஆயிரம் பேர்! நான் போனதெல்லாம் ஊருக்கு, ஊரிலிருந்து. முந்தின நாள் அவன் கட்டிப்பிடித்தபோது, முதல்தடவையாக நானும் அந்தப் படங்களில் இருக்கிற மனிதன் மாதிரி உணர்ந்தேன். அந்த மருத்துவர் வந்தால் நான் மறுபடியும் மேசைக்கு இந்தப் பக்கம். அதைக் கொடுக்க மனம் வரவில்லை. காரணம் சொல்லிவிட்டேன். மன்னிப்பதற்காகச் சொல்லவில்லை. காரணம் எவ்வளவு சின்னது என்று நீங்கள் பார்க்கவேண்டும்.

பிறகு என் விண்ணப்பத்தை நிரப்பினேன். ‘நிபுணர்’ டிக். ஆழப் பனியில் எத்தனை வருட அனுபவம்? எட்டு. எடை? எண்பத்தேழு. அதே பக்கத்தின் அடியில் இன்னொரு கட்டம் இருந்தது: ‘உடன் வருபவர், சறுக்காதவர்’. விடுதியில் இருந்துகொண்டு சூப் குடிக்கிற ஆளுக்கான கட்டம். என் வயிற்றுக்கும் வயதுக்கும் அளவெடுத்துத் தைத்த கட்டம்! அதைத் தாண்டிப் போய்த்தான் கையெழுத்துப் போட்டேன்.

நினோ விடவில்லை. நீங்கள் பனியில் சறுக்கும் ஒரு சின்ன வீடியோ அனுப்புங்கள் என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்பார்களாம்.

என் போனில் ஒரு வீடியோ இருந்தது. போன வருடம் நோர்வேயில் பிரதீபன் ஆழப் பனியில் இறங்குவதை அவன் நண்பன் எடுத்தது. “காக்கா, பாத்து ரசியுங்கோ” என்று அவனே எனக்கு அனுப்பியது. ஹெல்மெட், கண்ணாடி, முகம் முழுக்கத் துணி, நீல ஜாக்கெட். அந்த உடுப்புக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அனுப்பினேன்.

‘அருமை! வரவேற்கிறோம்’ என்று பதில் வந்தது. அன்று மாலையே கடைக்குப் போய் நீல ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் பிரதீபன், “என்ன காக்கா, ரெண்டு பேருக்கும் யூனிஃபோமோ?” என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

ஜார்ஜியாவில் போய் இறங்கினால் மூடுபனி. முதல் நாள் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இல்லை. நான் மனதுக்குள் தொழுதுகொண்டிருந்தேன். என்ன கேட்டுத் தொழுதேன் தெரியுமா? மேகம் விலகக்கூடாது என்று! அவன் சன்னலோரம் நின்று மலையைத் தேடிக்கொண்டிருந்தான். அதே மலைக்கு மேல் நான் மேகம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழிகாட்டியின் பெயர் லெவான். தாடிக்காரன், அதிகம் பேசாதவன். இரண்டாம் நாள் விடுதிக்குப் பின்னால் இயந்திரத்தால் அழுத்திச் சமப்படுத்திய சரிவில் எங்கள் நாலு பேரையும் சறுக்கச் சொல்லிப் பார்த்தான். மாலுக்குள் இருக்கிற பனி மாதிரியே கெட்டிப் பனி. எப்படியோ விழாமல் இறங்கிவிட்டேன். லெவான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிரதீபனிடம் ஆங்கிலத்தில் கேட்டான், இந்த ஆளை உனக்குத் தெரியுமே, இவர் மேலே வரலாமா என்று.

பிரதீபன் என் பக்கம் திரும்பினான். கேட்கவில்லை, பார்த்தான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

“வரலாம்” என்றான் லெவானிடம். “அவர் பெரிய சரிவெல்லாம் இறங்கிப் பழகினவர். சும்மா சொல்லுற ஆள் இல்லை.” கடைசி வாக்கியத்தை எனக்காகத் தமிழில் சொல்லிச் சிரித்தான்.

நாலாம் நாள் காலை வானம் கண்ணாடி மாதிரி துடைத்துக் கிடந்தது.

ஏறுமுன் ஒவ்வொருவரையும் எடை போட்டார்கள். விமானிக்கு அது தேவை. மெஷின் என் எடையைக் காட்டியது. லெவான் காகிதத்தைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “உங்க நாட்டு ரொட்டி நல்ல ருசி” என்றேன். நோர்வே நண்பர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விமானி இருக்கைகளை மாற்றினான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... இல்லை. அவர்கள் சிரித்துவிட்டார்களே! சிரிப்பு வந்தபிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வராது.

ஹெலிகாப்டர் எங்களை இறக்கிவிட்டுப் போனது. சத்தம் அடங்கியதும் அப்படியொரு அமைதி. எங்கு பார்த்தாலும் வெள்ளை. ஒரு கோடு இல்லை, ஒரு கால்தடம் இல்லை.  பிரதீபன் முகத்துணியை இறக்கி, மூச்சை இழுத்து விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

லெவான் முன்னால் இறங்கினான். என் தடத்துக்கு வலப்பக்கமே வரவேண்டும், இடப்பக்கம் பள்ளம் என்றான். நான் இரண்டாவது ஆள்.

முதல் திருப்பம். இரண்டாவது திருப்பம். மூன்றாவதில் பனி என் முழங்காலை விழுங்கியது. நான் பறந்தேன். உருண்டேன். நின்றபோது வாய்க்குள் பனி, கழுத்துக்குள் பனி, வலது காலில் ஸ்கீ இல்லை.

ஆழப் பனிக்குள் போன ஸ்கீ மேலே வராது. எங்கேயோ அடியில் ஓடிப்போய்ப் புதைந்துவிடும். மீன்காரன் ஈட்டியால் சேற்றைக் குத்துகிற மாதிரி குச்சியால் குத்திக் குத்தித் தேடவேண்டும். லெவான் கீழே நின்றான், அவன் ஏறி வர நேரமாகும். மேலே நின்றவர்களில் முதலில் இறங்கி வந்தவன் பிரதீபன். நான் விழுந்த இடத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டான். அங்கிருந்து பக்கவாட்டாக, ஒவ்வொரு அடியாக, அந்தத் தேய்ந்த இடுப்பை வைத்துக்கொண்டு என்னை நோக்கி மேலே ஏறினான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். அவன்தான் கண்டுபிடித்தான். மாட்டிக்கொடுத்தான். நான் எழுந்து இரண்டு அடி போய் மறுபடி விழுந்தேன். மறுபடி. மறுபடி. அந்தச் சரிவில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது. என்னை விட்டுவிட்டு யாரும் போகவும் முடியாது.

லெவான் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிரதீபனும் கேட்கவில்லை. அவன் எனக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பின்பக்கமாகச் சறுக்கியபடியே எனக்குப் பாடம் சொன்னான்.

“பயப்பிடாதேங்கோ காக்கா. முழங்காலை மடியுங்கோ... ஓம், அப்பிடித்தான். இப்ப இடது. என்னைப் பாருங்கோ, கீழ பாக்காதேங்கோ. நான் பிடிப்பன்.”

வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மலையில் அவன் இறங்கியது அப்படித்தான். எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி.

கீழே வந்து சேரும்போது மேற்கிலிருந்து மேகம் ஏறிவிட்டது. விமானி ரேடியோவில் லெவானிடம் ஏதோ சொன்னான். மொழி புரியவில்லை, விஷயம் புரிந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் புயல். அதற்கு மறுநாள் எங்கள் விமானம். நோர்வே நண்பர்கள் இரண்டு பேரும் ஸ்கீயைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டறையில் லெவான் எங்கள் மேசைக்கு வந்தான். நோர்வே நண்பர்கள் இன்னும் கீழே வரவில்லை. நானும் பிரதீபனும்தான். லெவான் தன் போனை பிரதீபன் முன்னால் வைத்தான். நினோ அவனுக்கு அனுப்பியிருந்த வீடியோ ஓடியது. நீல ஜாக்கெட் போட்ட ஒருவன் ஆழப் பனியில் பறவை மாதிரி இறங்கி வருகிறான். ஒவ்வொரு இடத் திருப்பத்திலும் இடுப்பை லேசாகக் காத்து, தோளை முன்னால் கொடுத்து...

“இது உன் நண்பர்தானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான் லெவான்.

பிரதீபன் பார்த்தான். தன்னையே பார்த்தான். வீடியோ முடியும்வரை பார்த்தான். நான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். 

“ஓம்... யெஸ்” என்றான். “இது அவர்தான். இண்டைக்கு அவருக்கு உயரம் ஒத்துவரேல்லை.”

முதலில் தமிழில் சொல்லி, பிறகு சுதாரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். இடுப்பு வலியைக்கூட மறைக்காமல் எழுதச் சொன்னவன். எனக்காக ஒரு பொய் சொன்னான். அதுவும் எப்படிப்பட்ட பொய்! தன் உடம்பையே எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

லெவான் போனதும், “மாப்ள...” என்றேன்.

“சாப்பிடுங்கோ காக்கா. சூப் ஆறப்போகுது.”

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. விமானத்தில் நான் நகைச்சுவை சொன்னேன், சிரித்தான். கடைக்கு வந்தான், டீ குடித்தான், சிரித்தான். நொண்டுவது அதிகமாகியிருந்தது. நடுக்கோடையில் செய்யவேண்டிய அறுவைச் சிகிச்சையை ஏப்ரலுக்கே முன்னால் கொண்டுவந்தார்கள்.

வீடியோ விஷயம் அவனுக்குத் தெரியும். அந்தப் பெண் மருத்துவர் விஷயம் தெரியாது. இதைக் கவனியுங்கள். நான் வராவிட்டால் பயணமே நடந்திருக்காது என்றுதான் அவன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். கெட்டிக்காரத்தனமோ முட்டாள்தனமோ, காக்கா எனக்காகத்தானே வந்தார் என்று நினைக்கிறான். அவன் என்னை மன்னித்திருந்தால், அந்த நினைப்பில்தான் மன்னித்திருக்கிறான். நடக்காத ஒன்றுக்காக மன்னித்திருக்கிறான்!

அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். வாகனத்தில் போகும்போது வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். ‘மாப்ள, நாலாவது இடத்துக்கு வேற ஆள் இருந்தாங்க.’ ஆறே வார்த்தை. டாக்ஸி ஓட்டிய பாகிஸ்தான்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

அறைக்குள் போனேன். வெளுத்துப்போய்ப் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி மைதிலி, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

நான் வாயைத் திறந்தேன்.

“என்ன மாப்ள, இடுப்புல இரும்பு வெச்சிருக்காங்களாமே! இனிமே நீ ஏர்போர்ட் பக்கம் போனா மெஷின் கத்துமே... உனக்கும் ஒரு விண்ணப்பம் போட வேண்டியதுதான். ‘இவர் மனிதர், கம்பி அல்ல’ன்னு!”

அவன் சிரித்தான். தையல் இழுத்து, “ஐயோ காக்கா, வேண்டாம்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் இன்னொன்று சொன்னேன். அதற்கும் சிரித்தான். கால் மணி நேரம் இப்படியே போனது. ஆறு வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. எழுந்தேன்.

மைதிலி லிஃப்ட்வரை கூட வந்தாள். நல்ல பிள்ளை, என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவள். பொத்தானை அவளே அமுக்கினாள். இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று, “தங்கச்சி, ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் காக்கா. வீடியோவைப் பற்றி இவர் எனக்குச் சொன்னவர்” என்றாள்.

“அது இல்லம்மா...”

அவள் என்னைப் பேச விடவில்லை. லிஃப்ட் கதவு திறந்தது. அது மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“அவர் சிரிக்கிறது உங்கட பகிடிக்கு இல்லை காக்கா. நீங்கள் வெட்கப்படக்கூடாது எண்டு சிரிக்கிறார். தையல் நோகுது அவருக்கு. இனி வராதேங்கோ.”